ஓசூர் வானம் ஏன் வெளுத்துக் கிடக்கிறது? வெயிலையும் தூசியையும் அளக்க வழிகாட்டிய அன்னா மணி யார்?

குளிர்காலக் காலைகளில் ஓசூரில் இருந்து பெங்களூரு பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி அத்திப்பள்ளி வரும்போது வானம் நீலமாக இருக்காது. தண்ணீர் அதிகம் கலந்த பால் மாதிரி வெளுத்துக் கிடக்கும். பனி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம். ஆனா பனி என்றால் வெயில் ஏறியதும் விலகிவிடும். பதினொரு மணி தாண்டியும் விலகாமல் நிற்கிற அந்த வெண்மையில் பெரும் பங்கு தூசிக்கும் புகைக்கும் உண்டு.

இந்தத் தூசி நமக்கு வர வேண்டிய வெயிலில் எவ்வளவைத் தடுக்கிறது? மழையை, வெப்பத்தை அது மாற்றுமா? கண்ணால் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கருவி வேண்டும், பல வருடக் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கு நம்பகமானதாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் ஒரு பெண். சென்னையில் பட்டம் படித்து, பெங்களூரில் ஆராய்ச்சி செய்து, கடைசி வரை டாக்டர் பட்டம் கிடைக்காமலே போனவர். 2022 ஆகஸ்ட் 23 அன்று கூகுள் முகப்பில் டூடுலாக வந்தபோதுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது. அவர்தான் அன்னா மணி.

யார் இவர்? என்ன செய்தார்? ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இவர் கதை ஏன் முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ஏரோசால் என்றால் என்ன?

காற்றில் மிதக்கும் திட, திரவ நுண்துகள்கள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர்தான் ஏரோசால். கடல் அலை தெறிக்கும் உப்பு, பாலைவன மண், பூக்களின் மகரந்தம் எல்லாம் இயற்கையான ஏரோசால். டீசல் புகை, நிலக்கரிப் புகை, குவாரித் தூசி, விறகடுப்புக் கரி, குப்பை எரிக்கும் புகை எல்லாம் நாம் சேர்ப்பது.

செய்திகளில் அடிக்கடி வரும் பிஎம் 2.5 என்பதும் இதில் ஒரு பிரிவுதான். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் சிறிய துகள்கள் என்று பொருள். தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் ஆழம் வரை போகும் என்பதால் உடம்புக்குக் கெடுதல். அது தனிக் கதை. நாம் இங்கே பேசப்போவது, இவை சூரியனை என்ன செய்கின்றன என்பதை.

சில துகள்கள் கண்ணாடி மாதிரி. வெயிலைத் திருப்பி அனுப்பும், அதனால் தரை கொஞ்சம் குளிரும். 1991ல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்து கந்தகத் துகள்களை மேலே வீசியபோது, அடுத்த ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்தது. கரித்துகள் இதற்கு நேர் எதிர். கறுப்புச் சட்டை போட்டவர் வெயிலில் வேகிற மாதிரி, அது ஒளியை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். ஆனா தரைக்கு வர வேண்டிய வெயிலை இரண்டுமே குறைக்கும்.

வெப்பமண்டலத்தில் இதன் விளைவு பெரிது. காரணம் எளிது: இங்கே வெயில் அதிகம். ஓசூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரிக்குள் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் நேராகத் தலைக்கு மேலே நிற்கும். அதோடு நம்முடைய விவசாயம் பருவமழையை நம்பி இருக்கிறது. அந்தப் பருவமழையோ, நிலமும் கடலும் வெயிலில் வேறு வேறு வேகத்தில் சூடாவதை நம்பி இருக்கிறது. வெயிலில் கை வைத்தால் மழையிலும் கை வைத்த மாதிரிதான்.

வைரத் தோடு வேண்டாம், புத்தகம் போதும்

1918 ஆகஸ்ட் 23. அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய இடுக்கி மாவட்டப் பீர்மேட்டில் பிறந்தார் அன்னா மணி. தேனிக்காரர்களுக்கு இந்த ஊர் தெரியும், குமுளி தாண்டினால் வந்துவிடும். வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா சிவில் இன்ஜினீயர், பெரிய ஏலக்காய்த் தோட்டங்கள் வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் அன்னா ஏழாவது.

வசதி இருந்தாலும் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. பையன்கள் பெரிய உத்தியோகத்துக்குப் படிக்க வேண்டும், பெண்கள் கல்யாணத்துக்குத் தயாராக வேண்டும். எட்டாவது பிறந்தநாளுக்குப் பெண் பிள்ளைகளுக்கு வைரத் தோடு போடுவது அந்த வீட்டு வழக்கம். அன்னாவின் முறை வந்தது. தோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த வயதுக்குள்ளாகவே ஊர் நூலகத்தில் இருந்த மலையாளப் புத்தகங்களை ஏறக்குறைய எல்லாம் படித்து முடித்திருந்தார் என்று சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில்தான் வைக்கம் போராட்டம் நடந்தது. பெரியார் சிறை சென்ற அதே போராட்டம். 1925ல் காந்தி வைக்கம் வந்தது சிறுமி அன்னாவின் மனதில் ஆழமாகப் பதிந்தது. பின்னாளில் கதர் உடுத்தத் தொடங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காக்கள் போன வழியில் போகாமல், படிப்பு என்று சென்னைக்கு ரயில் ஏறினார்.

சென்னையில் பட்டம், பெங்களூரில் வைரம்

1939ல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தார். அடுத்த ஆண்டே உதவித்தொகையோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் சர் சி.வி.ராமனின் ஆய்வகம். திருச்சியில் பிறந்து, ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930ல் நோபல் பரிசு வாங்கிய அதே ராமன்.

விதியின் விளையாட்டைப் பாருங்க. எட்டு வயதில் வைரம் வேண்டாம் என்றவருக்கு அங்கே கொடுக்கப்பட்ட வேலை, வைரத்தை ஆராய்வது! முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை எடுத்து, அவை ஒளியை எப்படி உறிஞ்சுகின்றன, எப்படி ஒளிர்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். ஒரே ஒரு படம் பதிவாக 15 முதல் 20 மணி நேரம் ஒளிபட வேண்டியிருக்கும். பல ராத்திரிகள் ஆய்வகத்திலேயே தூங்கியிருக்கிறார்.

அந்த ஆய்வகம் பெண்களுக்கு இலகுவான இடமாக இருக்கவில்லை. ராமன் மிகச் சில பெண்களையே மாணவர்களாக ஏற்றார். ஆண் மாணவர்களும் பெண் மாணவர்களும் சகஜமாகப் பேசிப் பழகுவதை அவர் விரும்பவில்லை. சக மாணவர்களோடு உட்கார்ந்து விவாதிப்பதே ஆராய்ச்சியில் பாதி. அந்தப் பாதி பெண்களுக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் 1942 முதல் 1945 வரை, தன் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார் அன்னா.

கிடைக்காத டாக்டர் பட்டம்

1945 ஆகஸ்டில் தன் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். அன்று இந்திய அறிவியல் கழகம் தானே பட்டம் வழங்குவதில்லை, பல்கலைக்கழகம்தான் கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. காரணம்? அன்னாவிடம் எம்.எஸ்சி. பட்டம் இல்லையாம். ஆனர்ஸ் படிப்பை முடித்து, ஆராய்ச்சி உதவித்தொகையை முறைப்படி வென்று, ஐந்து கட்டுரைகள் வெளியிட்டவருக்கு விதிப்புத்தகத்தில் இடம் இருக்கவில்லை. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில் இருக்கிறது. டாக்டர் பட்டம் கடைசி வரை வரவில்லை.

இதைப் பற்றிப் பிற்காலத்தில் கேட்டவர்களிடம், பட்டம் இல்லாதது தன் வேலையை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை என்றுதான் அவர் சொல்லி வந்தார். அநீதியே நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர் அதில் நின்றுவிடவில்லை, அவ்வளவுதான்.

தேடிப் போனது இயற்பியல், கிடைத்தது வானிலை

அதே 1945ல் அரசு உதவித்தொகை கிடைத்தது. போர் அப்போதுதான் முடிந்திருந்தது. படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் ஏறி இங்கிலாந்து போனார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படிக்க வேண்டும் என்பது திட்டம். ஆனா அங்கே காலியாக இருந்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி மட்டும்தான். சரி, அதையே படிப்போம் என்று இறங்கினார். வானிலைத் துறைக்கு அவர் வந்தது இப்படி ஒரு தற்செயலில்தான்.

1948ல் திரும்பி வந்தபோது நாடு சுதந்திரம் அடைந்திருந்தது. புனேயில் இருந்த இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். அன்றைய நிலைமை என்ன தெரியுமா? மழையை அளக்கும் சாதாரண மழைமானி வரை பலவும் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். உடைந்தால் கப்பல் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

இதை மாற்ற எஸ்.பி.வெங்கிடேஸ்வரன் தலைமையில் ஒரு பட்டறை உருவாகிக்கொண்டிருந்தது. அதில் அன்னா முழு மூச்சாக இறங்கினார். 1953ல் பிரிவின் தலைமைப் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் 121 ஆண்கள். கிட்டத்தட்ட 100 வகை வானிலைக் கருவிகளுக்குத் துல்லியமான வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே தயாரிக்க வைத்தார்.

காலிபரேஷன்: ஓசூர்க்காரர்களுக்குப் புரியும் பாஷை

இங்கே ஓசூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லத் தேவையே இல்லை. சிப்காட்டில் ஏதாவது ஒரு மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு காலிபரேஷன் ஸ்டிக்கர் தெரியும். வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ் எதுவாக இருந்தாலும் அதில் கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்த தேதி ஒட்டியிருக்கும். தேதி தாண்டிய கேஜை வைத்து அளந்த பீஸை குவாலிட்டி ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைத்தராசுக்கு முத்திரை போடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

வானத்தை அளப்பதற்கும் அதே விதிதான். சென்னையில் ஒரு கருவி, டெல்லியில் ஒரு கருவி. இரண்டும் ஒரே வெயிலுக்கு வேறு வேறு எண் காட்டினால், எந்த ஊரில் வெயில் அதிகம் என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கு ஒரு எண், பத்து வருடம் கழித்து வேறு எண் என்றால், வானம் மாறியதா, கருவி தேய்ந்ததா? தெரியாது.

தப்பான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பது அன்னாவின் உறுதியான எண்ணம். அளவே இல்லை என்றால் நமக்குத் தெரியாது என்பதாவது தெரியும். தப்பான அளவு இருந்தால், தெரியும் என்று நம்பித் தப்பான முடிவெடுப்போம். கருவிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு துறைக்குள் பேர்போனது.

1957: வெயிலை அளக்க ஒரு வலை

1957-58ல் உலக நாடுகள் சேர்ந்து சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு கொண்டாடின. பூமியை ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் அளப்பது நோக்கம். இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி அன்னா இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையமைப்பை உருவாக்கினார். டெல்லி, புனே, கொல்கத்தா, சென்னை ஆகியவை அதில் முக்கிய நிலையங்கள். ஆரம்பத்தில் கருவிகள் வெளியில் இருந்து வந்தன. சீக்கிரமே அவற்றையும் இங்கேயே வடிவமைத்துச் செய்ய ஆரம்பித்தார்.

கருவிகள் முக்கியமாக இரண்டு வகை:

• பைரனோமீட்டர்: முழு வானத்தில் இருந்தும் தரைக்கு வரும் மொத்த ஒளியை அளக்கும்.

• பைர்ஹீலியோமீட்டர்: சூரியனை மட்டும் குறிபார்த்து, அதிலிருந்து நேராக வரும் கதிரை அளக்கும்.

இரண்டும் எதற்கு? இதில்தான் தூசியின் ரகசியம் இருக்கிறது. வானம் சுத்தமாக இருந்தால் வெயிலின் பெரும்பகுதி நேராக வரும், நிழல் கூர்மையாக விழும். தூசி கூடினால் நேர்க்கதிர் குறையும், சிதறிய ஒளி கூடும், நிழலின் ஓரம் மங்கும். வெளுத்த வானம் என்று நாம் சொல்வது அந்தச் சிதறிய ஒளியைத்தான்.

தூசிக்கு எண் கொடுத்த 1969 ஆய்வு

ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் என்ற விஞ்ஞானி 1929ல் ஒரு முறையை முன்வைத்தார். சூரிய ஒளியை வெவ்வேறு நிற வடிகட்டிகள் வழியாக அளந்து, எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், காற்றில் எவ்வளவு துகள் இருக்கிறது, அது பெரும்பாலும் பெரிய துகளா சிறிய துகளா என்று கணக்கிடலாம். புழுதி போன்ற பெரிய துகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி மறைக்கும். புகை போன்ற நுண்துகள் நீலத்தை அதிகம் மறைக்கும், சிவப்பைக் குறைவாக மறைக்கும். தூரத்துக் காட்டுத்தீப் புகை வழியே பார்த்தால் சூரியன் சிவந்து தெரிவது இதனால்தான்.

இந்த முறையை இந்திய வானத்தில் பொருத்திப் பார்த்து, அன்னா மணி தன் சக விஞ்ஞானிகள் ஓ.சாக்கோ, எஸ்.ஹரிஹரன் ஆகியோரோடு சேர்ந்து 1969ல் டெல்லஸ் என்ற ஸ்வீடன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். இந்தியாவின் கதிர்வீச்சு அளவீடுகளில் இருந்து காற்றின் கலங்கலைக் கணக்கிட்ட முன்னோடி ஆய்வு அது. ஏரோசால் என்ற சொல் செய்திகளில் புழங்குவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, இந்திய வானத்தின் தூசிக்கு எண் கிடைத்துவிட்டது.

ஓசோன், தும்பா, டெல்லி

இதற்கு நடுவில் 1960 வாக்கில் ஓசோன் பக்கம் திரும்பினார். ஓசோன் ஓட்டை பற்றி உலகம் பேசத் தொடங்கியது 1980களில்தான் என்பதை நினைவில் வையுங்கள். பலூனில் கட்டி மேலே அனுப்பி, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று அளக்கும் ஓசோன்சோண்ட் கருவியை அவர் குழு இந்தியாவிலேயே உருவாக்கியது. அன்று அதைச் சொந்தமாகச் செய்யத் தெரிந்த நாடுகள் மிகச் சில. பின்னாளில் இந்தியக் கருவி அண்டார்டிகா வானம் வரை போனது.

விண்வெளித் திட்டத்திலும் அவர் கை உண்டு. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் உருவானபோது, விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி அங்கே வானிலை ஆய்வகத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார். 1969ல் டெல்லிக்கு மாற்றலாகி, 1976ல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை: மறுபடி பெங்களூரு

ஓய்வு பெற்றதும் மறுபடி பெங்களூரு வந்தார். ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் மூன்று ஆண்டுகள் வருகைப் பேராசிரியராக இருந்தார். அத்தனை வருடம் நிலையங்கள் சேர்த்த வெயில் கணக்கைத் தொகுத்து, 1980ல் இந்தியாவுக்கான சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேட்டை வெளியிட்டார். சோலார் பேனல் எங்கே வைத்தால் எவ்வளவு மின்சாரம் வரும் என்று கணக்குப் போட நினைத்த இன்ஜினீயர்களுக்கு அது அடிப்படை நூலானது.

அடுத்து காற்று. நாட்டில் எங்கெல்லாம் காற்றாலை வைக்கலாம் என்று கண்டறிய, நூற்றுக்கணக்கான இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் கணக்கெடுப்பைப் பெங்களூரில் இருந்து நடத்தினார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வெயிலையும் காற்றையும் அளக்கும் கருவிகளைச் செய்ய அங்கேயே ஒரு சிறு தொழிற்கூடமும் தொடங்கினார். ஓசூரில் இருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் நடந்த கதை இது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகும்போது சுற்றுகிற காற்றாலைகளைப் பார்க்கிறோமே, அந்தத் துறைக்குப் பின்னால் இப்படிப்பட்ட பொறுமையான அளவெடுப்பு இருக்கிறது.

1987ல் இந்திய தேசிய அறிவியல் கழகம் அவருக்கு கே.ஆர்.ராமநாதன் பதக்கம் வழங்கியது. 1994ல் பக்கவாதம் தாக்கி நடமாட்டம் முடங்கியது. 2001 ஆகஸ்ட் 16 அன்று, 83வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, திருவனந்தபுரத்தில் காலமானார்.

அளந்ததால் என்ன தெரிய வந்தது?

இனிதான் முக்கியமான கட்டம். 1999ல் இந்தியப் பெருங்கடலில் பல நாடுகளின் விஞ்ஞானிகள் கப்பல், விமானம், செயற்கைக்கோள் வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். இன்டோயெக்ஸ் என்று பெயர். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வீரபத்ரன் ராமநாதன். குளிர்காலத்தில் தெற்காசியாவில் இருந்து புறப்படும் பழுப்பு நிறப் புகைமூட்டம் கடலின் மேல் வெகுதூரம் பரவி நிற்பதை அது காட்டியது.

அப்படியென்றால் தரையில் வெயில் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? அதைச் சோதிக்க ஒரே வழி, பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் 12 நிலையங்களின் கதிர்வீச்சுப் பதிவுகளை எடுத்தார்கள். 1981 முதல் 2004 வரை, தரைக்கு வரும் சூரிய ஆற்றல் ஒவ்வொரு ஆண்டும் சதுர மீட்டருக்குச் சராசரியாக 0.86 வாட் குறைந்து வந்திருப்பதை 2007ல் வெளியிட்டார்கள். மொத்தக் காலத்துக்கும் கூட்டினால் சுமார் 20 வாட். இந்த மங்கல், புவி வெப்பமடைதலை ஓரளவு மறைத்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

ஆண்டுக்கு ஒரு வாட் கூட இல்லாத மாற்றம்! கொஞ்சம் பிசகிய கருவி ஒன்று போதும், இந்த மாற்றம் தெரியாமலே போயிருக்கும். இதைப் பிடிக்க முடிந்தது, 1957ல் தொடங்கிய ஒரு வலையமைப்பு கருவிகளை விடாமல் சரிபார்த்து வந்ததால்.

ஓசூர், கிருஷ்ணகிரிக்கு இதில் என்ன?

1. புகைக்கு செக்போஸ்ட் கிடையாது. பெங்களூரு புகை இங்கே வரும், நம் புகை அங்கே போகும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதுதான் கணக்கு. எல்லை மாவட்டத்தில் ஒரு மாநிலம் மட்டும் அளந்து பயனில்லை. இரண்டு பக்கக் கருவிகளும் ஒரே தரத்தில் இருந்தால்தான் யார் பங்கு எவ்வளவு என்று பேச முடியும்.

2. தூசி என்றால் எல்லாம் ஒன்று இல்லை. கிரானைட் குவாரி, ஜல்லி கிரஷர், டிப்பர் லாரி கிளப்பும் புழுதி பெரிய துகள், சீக்கிரம் கீழே இறங்கும். டீசல், குப்பை, சருகு எரிக்கும் புகை நுண்துகள், நாள்கணக்கில் மிதக்கும். முன்னதற்குத் தண்ணீர் தெளித்து, லோடுக்குத் தார்ப்பாய் போட்டுக் குறைக்கலாம். பின்னதற்கு எரிப்பதையே குறைக்க வேண்டும். எது அதிகம் என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

3. ஆலைக் கூரைகளில், வீட்டு மாடிகளில் சோலார் போட்டவர்களுக்கு இது காசு விஷயம். வானத்தில் தூசி கூடினால் மின்சாரம் குறையும். பேனல் மேல் படிந்தால் இன்னும் குறையும். பேனலைத் துடைக்கலாம், வானத்தைத் துடைக்க முடியாது.

4. புகை வெப்பத்தை மறைக்கிறது என்றால் புகை நல்லதா? இல்லை. ஏரோசால் சில நாள்களிலோ வாரங்களிலோ மழையோடு இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு நிழல் வாங்க முடியாது. புகையையும் கார்பனையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். கரித்துகளைக் குறைத்தால் நெஞ்சுக்கும் லாபம், காலநிலைக்கும் லாபம்.

அன்னா மணி: ஒரே பார்வையில்

• 1918: பீர்மேட்டில் பிறப்பு
• 1939: சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம்
• 1940: பெங்களூரில் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி
• 1945: டாக்டர் பட்ட ஆய்வேடு நிராகரிப்பு, லண்டன் பயணம்
• 1948: இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்தல்
• 1953: கருவிகள் பிரிவுத் தலைவர்
• 1957-58: சூரியக் கதிர்வீச்சு நிலைய வலையமைப்பு
• 1969: காற்றின் கலங்கல் பற்றிய ஆய்வுக் கட்டுரை
• 1976: ஓய்வு
• 1980: சூரியக் கதிர்வீச்சுக் கையேடு
• 2001: மறைவு

கடைசியாக

அன்னா மணி பெயரில் ஒரு விளைவோ விதியோ கிடையாது. ராமன் விளைவு மாதிரி பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிட முடியாத வேலை அவருடையது. ஒரு கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மறுநாள் மறுபடியும் பார்த்து, பத்து வருடம் கழித்தும் பார்க்கிற வேலை. அதில் கைதட்டல் குறைவு. ஆனா வானம் மாறுகிறதா என்று ஒரு நாடு கேட்டபோது, ஆமாம், இவ்வளவு மாறியிருக்கிறது என்று பதில் சொல்ல அந்த வேலைதான் கைகொடுத்தது.

நம் ஊர் வானத்தைப் பற்றி இன்று நடக்கும் வாக்குவாதங்களுக்கும் இது பொருந்தும். ஆலைக்காரர் குவாரியைக் காட்டுவார், குவாரிக்காரர் லாரியைக் காட்டுவார், லாரிக்காரர் பெங்களூரைக் காட்டுவார். இந்தச் சண்டையைத் தீர்க்க, விடாமல் அளந்து, முறையாகச் சரிபார்த்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்ட எண்கள் வேண்டும். அடுத்த முறை உங்கள் ஊரின் காற்றுத் தர எண்ணை மொபைலில் பார்க்கும்போது, எண் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தக் கருவி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது காலிபரேஷன் செய்தார்கள்?